விநாசித்தம்பியின் இடது முட்டி

பினாங்கில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. எது என்று கேட்காதீர்கள். எனக்கும் பல வருஷமாக வலது முட்டியில் வலி உண்டு. நாளைக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டும். எண்பதுகளில் எல்லா அலுவலகங்களும் ஏதாவதொரு இயக்கம் நடத்திச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தன. அந்த மருத்துவமனையும் தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியது. 'ஒரு வலிக்கு ஒரு மருந்து' என்பது அதன் மூலமந்திரம். இதை அருளியவர் மருந்துப் பிரிவின் நிர்வாக அதிகாரி திரு. கனகசுந்தரம். அவர் மருந்து பற்றிப் படித்தவர் அல்லர். ஆகவே சிந்தனைக்குத் தடையேதும் இருக்கவில்லை.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் என் கீழ்மாடி வீட்டுக்காரர் விநாசித்தம்பி. அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சடித்து ஒட்டியதை மீறத் தெரியாத மனிதர். வலது முட்டியில் அவருக்கு வாதம். வீக்க மாத்திரையை முழு அளவில் விழுங்கினால் முட்டி அடங்கும், வயிறு எரியும். எப்படியாவது தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறிவிட வேண்டும் என்று ஏங்கினார்.

அந்த மருத்துவமனையின் டாக்டர் நூர்ஜான் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, அபின் வகையான கோடீன் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார். இரண்டும் வலியை வேறு வேறு வழியில் பிடிக்கும், சேர்ந்தால் நன்றாகக் கேட்கும், வயிறும் பிழைக்கும் என்றார். மலம் கட்டினால் பப்பாளி சாப்பிடச் சொன்னார். முதல் வாரம் தன் கையிருப்பிலிருந்தே கொடுத்தார். விநாசித்தம்பி படியேறி வந்து என் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுச் சிரித்தபடி போனார்.

மறு வாரம் மருந்து வாங்கும் இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். கனகசுந்தரமே எழுந்து வந்தார்.

"உங்களுக்கு எத்தனை நோவு ஐயா?"

"ஒண்ணுதான் சார், முட்டியில."

"மருந்து ரெண்டு எழுதியிருக்கே?"

"கொஞ்சம் கொஞ்சம்தானே. கூட்டினா ஒண்ணுதான் வரும்."

"அது கணக்குலா. இது நிர்வாகம்."

ஆனாலும் கனகசுந்தரம் கல்நெஞ்சர் அல்லர். விநாசித்தம்பிக்கு முட்டி இரண்டு இருப்பதை அவரே கண்டுபிடித்தார். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்றால் இயக்கத்துக்குப் பங்கமில்லை. இடதில் வலி இல்லையே என்றார் இவர். அதை மூன்றாம் மாடியில் பரிசோதித்து உறுதி செய்வார்கள் என்றார் அவர். லிப்டில் இயக்கத்தின் பதாகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விநாசித்தம்பி மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்க, இடது முட்டியும் விதிமுறைப்படி வலிக்கத் தொடங்கியது. கனகசுந்தரம் கைகுலுக்கி வாழ்த்தினார்.

பொட்டலம் இரண்டு வந்தது. ஒன்றில் 'வலது முட்டிக்கு, காலை மட்டும்'. மற்றதில் 'இடது முட்டிக்கு, இரவு மட்டும்'. கலக்கக் கூடாது என்றும் அச்சிட்டிருந்தார்கள். விநாசித்தம்பி கலக்கவில்லை. வலியும் குறையவில்லை.

டாக்டர் நூர்ஜான் கொதித்துப் போனார். "உள்ள போன மாத்திரைக்கு எந்த முட்டின்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே லேபிள்" என்றார் கனகசுந்தரம்.

டாக்டரை இயக்கத் தத்துவம் பயில அக்கரையிலுள்ள புக்கிட் தெங்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் போனதும் கனகசுந்தரத்தின் சிந்தனை இன்னும் உயர்ந்தது. கோடீனை நிறுத்திவிட்டு, வீக்க மாத்திரையையே இரண்டு முட்டிக்கும் சேர்த்து இரண்டு மடங்காக்கச் சொன்னார். இரண்டு வலிக்கு ஒரே மருந்து! இப்படியொரு சிக்கனத்தை எந்த மருத்துவமனையும் அதுவரை கண்டதில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் விநாசித்தம்பி ரத்த வாந்தி எடுத்தார். வார்டுக்கு வந்து பார்த்த கனகசுந்தரம், இப்போது எங்கே வலி என்று விசாரித்தார். வயிற்றில் என்றார். முட்டி? எழுந்து நடந்தால்தானே தெரியும் என்றார். அப்படியானால் ஒரே வலிதான் என்று அதிகாரி திருப்தியுடன் திரும்பினார். எனக்கு அவரைப் பிடித்து மாடியேற்றி இறக்க வேண்டும் போலிருந்தது.

தைப்பூசத்தன்று அதிகாரிக்குப் பரிசளிப்பு. கைதட்ட எங்களைப் போன்ற நோயாளிகளையும் அழைத்திருந்தார்கள். விழா முடிந்து வார்டுக்குப் போனேன்.

"கீழ என்னண்ணே சத்தம்? கோயில் கூட்டமா?" என்று கேட்டார் விநாசித்தம்பி. பிறகு விழாவில் என் சட்டையில் குத்திவிட்ட இயக்கப் பேட்ஜைப் பார்த்தார். அது இருந்தால் மருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

"உங்களுக்கு எந்த முட்டிண்ணே?"

"ரெண்டும்" என்றேன்.