மூன்று பாகைத் தண்ணீர்

கறகறவென்று கேத்திலுக்குள் கல் உருளும் சத்தம். முப்பத்தொரு வருடங்களுக்கு முன், டாவோசில் ஒரு ஹோட்டலின் நிலவறைச் சமையலறையில், கோசலா சுவிற்சர்லாந்துக்கு வந்து முதன்முதலாகத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தபோது கேட்டது. யாரோ பகிடிக்குக் கூழாங்கல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் சில்லுகள்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த உருத்திரமூர்த்தி சிரித்தார். "அது கல்லில்லைப் பிள்ளை, சுண்ணாம்பு. இந்த நாட்டு மலை கரைஞ்சு குழாயில வருது. வினாகிரி விட்டுக் கொதிக்கவை, போயிடும்."

தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு என்று அதன் வன்மையை அளக்கும் சோதனைத் தாளையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். தாளை நனைத்தால் நான்கு கட்டங்களில் எத்தனை சிவக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கோப்பை கழுவும் இயந்திரத்துக்குச் சுண்ணாம்பை அடக்கும் உப்புப் போடவேண்டும். அன்றுமுதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோசலா தாளை நனைத்தாள். கோயிலுக்குப் போகாத வாரம் உண்டு. தாள் நனைக்காத வாரம் இல்லை.

பிறகு இருவரும் இன்டர்லாக்கனுக்கு மேலே ஒரு மலையூர் ஹோட்டலுக்கு வேலை மாறி வந்தார்கள். ஊரின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் அதன் ஊர்ச்சபை மறுப்பறிக்கை விடும்; அதை நாம் படிக்க வேண்டியிருக்கும். அவ்வூர்க் குழாய்நீரின் வன்மை முப்பத்தாறு பாகை. நான்கு கட்டமும் சிவக்கும்.

இந்தக் குறையைப் போக்க ஊர்ச்சபையினர் ஏழு பேர் பதினொரு நாட்கள் ஓர் எரிமலைத் தீவுக்கு நீராய்வுப் பயணம் மேற்கொண்டார்கள். தலைவர் ஹெர் ஸ்டுக்கி நீச்சலுடையும் கொண்டுபோனார். ஆய்வு ஆழமாக இருக்க வேண்டுமல்லவா. கறுத்த எரிமலைக் கல்லில் வடிந்து வருவதால் தீவின் தண்ணீர் மூன்றே பாகை என்று அறிக்கை சொன்னது. தீவு மக்கள் குடிப்பது சுவிற்சர்லாந்தில் இருந்து வரும் போத்தல் தண்ணீர் என்பதை அறிக்கை சொல்லவில்லை. அதை ஹெர் ஸ்டுக்கியின் மனைவி முடி வெட்டும் இடத்தில் சொன்னார்.

நான்கு தொன் கறுப்புக் கல் வந்து இறங்கியது. நீர்த்தாங்கியில் கொட்டினார்கள். பாண்டு வாத்தியம் வாசித்தது. தீர்மானம் நிறைவேறியது: "மேற்படி கற்கள் மேற்படி தாங்கியில் இடப்பட்ட தினத்திலிருந்து, மேற்படி ஊரின் நீர்வன்மை மூன்று பாகை எனக் கொள்ளப்படும். இதற்கு மாறாகத் தென்படும் எதுவும் வெறும் தோற்றமே."

தோற்றங்கள் பெருகின. கண்ணாடிக் குவளைகளில் வெள்ளைப் படலம் முன்போலவே படிந்தது. அதற்கு 'எரிமலைத் தாதுப்பூ' என்று பெயர் வைத்தார்கள். உணவகங்கள் குழாய்நீரைக் கறுப்புக் கல்லோடு குடுவையில் வைத்து ஆறு பிராங்குக்கு விற்றன. மூன்று பாகைக்கு ஏற்றபடி உப்பைக் குறைத்த வீடுகளில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உயிர்விட்டன. திருத்த வந்தவர் இரண்டு வயது இயந்திரத்துக்கு 'மூப்பு' என்று காரணம் எழுதினார்.

நம்மவர்களும் பின்னிற்கவில்லை. பாக்கியராசா என்றொருவர் அதே கல்லை வெல்வெட் பையில் போட்டுத் தமிழ்ச் சங்கத்தில் விற்றார். சோற்றுப் பானைக்குள் போட்டால் சீனி வருத்தம், முழங்கால் உளைவு, பிள்ளைகளின் கணக்குப் பாடம் மூன்றும் சரியாகும் என்றார். சோற்றில் கல்லைக் கடித்துப் பல்லுடைந்தவர்கள்கூட வாய் திறக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய கல்.

ஹோட்டலில் மட்டும் உருத்திரமூர்த்தி யாருக்கும் சொல்லாமல் முப்பத்தாறுக்கே உப்புப் போட்டு வந்தார். அந்த இயந்திரம் மட்டும் ஊரில் சுகமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் கோசலா பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தாள். ரொறன்ரோவில் அவளுடைய அக்கா சிவகலா இருந்தாள். ஊரைவிட்டு வந்த இருபத்தெட்டு வருடமாக முகம் பார்க்கவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு கேட்ட கனடா வீசா இரண்டு முறை மறுக்கப்பட்டுவிட்டது. சுவிற்சர்லாந்தின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தால் எவரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

மகள் லக்சாயினி மலைப்பெயர், பாற்கட்டிப்பெயர் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். "அம்மா, ஒண்டையும் யோசிச்சுச் சொல்லாதேங்கோ. புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லுங்கோ."

"யோசிக்காமல் என்னண்டு கதைக்கிறது?"

"அதைத்தான் அவை பாக்கப் போகினம்."

அந்த நாட்டில் பிரசாவுரிமை கொடுப்பதா என்று முடிவுசெய்வது ஊர்ச்சபை. விசாரணைக் குழுவில் மூவர். நடுவில் ஹெர் ஸ்டுக்கி. மலைகளையும் பாற்கட்டிகளையும் கோசலா பிழையின்றிக் கடந்தாள். கடைசிக் கேள்வி வந்தது.

"நமது ஊர்க் குடிநீரின் வன்மை எத்தனை பாகை?"

கோசலாவுக்கு மனம் குளிர்ந்தது. இருபத்தெட்டு வருடப் படிப்பு இதில்தானே. "முப்பத்தாறு."

மூவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"மூன்று," என்றார் ஹெர் ஸ்டுக்கி.

"இல்லை, ஹெர் ஸ்டுக்கி. நேற்றுக்கூடப் பார்த்தேன்." கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, மேசையில் இருந்த அவருடைய குவளைக்குள்ளேயே நனைத்தாள். நான்கு கட்டமும் சிவந்தன.

குழு அதை நெடுநேரம் பார்த்தது. "இந்தத் தாள் எங்கே தயாரானது?"

"ஜேர்மனியில்."

"ஆக, ஒரு வெளிநாட்டுத் தாள் நமது உள்ளூர் விவகாரத்தில் அபிப்பிராயம் தெரிவிக்கிறது."

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது: 'விண்ணப்பதாரரின் மொழியறிவு போதுமானது. ஆயினும் உள்ளூர் நீருடன் அவருக்கு மனம் ஒன்றிய உறவு இன்னும் ஏற்படவில்லை.'

அந்த மாரிகாலத்தில் சிவகலாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். "நீ வாறதெண்டால் கெதியா வா," என்றாள் தொலைபேசியில். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த வருடம் கோசலா அதே கதிரையில் அமர்ந்தாள். அதே கேள்வி.

"மூன்று," என்றாள். கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்தில் இரண்டரை," என்றும் சேர்த்தாள்.

ஹெர் ஸ்டுக்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடத்தில் எவருக்கும் இந்த அரை பாகை தோன்றவில்லை.

சிவப்புக் கடவுச்சீட்டோடு ரொறன்ரோ போய் அக்காவின் கட்டிலருகே மூன்று வாரம் இருந்தாள். புறப்படுவதற்கு முதல்நாள் அக்கா கேட்டாள்: "உங்கை தண்ணி எப்படியடி?"

"நல்ல மெல்லிசு, அக்கா. மூண்டு பாகை."

சொன்ன பிறகுதான் அங்கே குழு எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்ததும் ஊர்ச்சபை அவளைத் தேடி வந்தது. புதியவர்களுக்கும் இடம் கொடுக்கும் பரந்த மனம் ஊருக்கு உண்டென்று காட்டவேண்டிய வருடம் அது. விசாரணைக் குழுவில் ஓர் இடம் காலி. கோசலா மறுக்கவில்லை. முதல் விண்ணப்பதாரர் உருத்திரமூர்த்தி.

நடைபாதையில் அவரைத் தனியே பிடித்தாள். "அண்ணை, தண்ணியைக் கேட்டால் மூண்டெண்டு சொல்லுங்கோ."

"பொய் சொல்லச் சொல்லுறியோ, பிள்ளை?"

"பொய்யில்லை அண்ணை. தீர்மானம்."

"நாளைக்கு நானெல்லோ மெசினுக்கு உப்புப் போடவேணும்."

"மெசினுக்கு முப்பத்தாறு. மனிசருக்கு மூண்டு. எல்லாரும் அப்பிடித்தானே இருக்கினம்."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மலைகள், பாற்கட்டிகள், பிறகு தண்ணீர்.

"முப்பத்தாறு," என்றார் உருத்திரமூர்த்தி. ஹெர் ஸ்டுக்கியைப் பார்த்தல்ல, கோசலாவைப் பார்த்து.

மறுப்பவர்கள் கையுயர்த்தும்படி சொல்லப்பட்டது. இரண்டு கைகள் உடனே எழுந்தன. மூன்றாவது சற்றுத் தாமதித்து எழுந்தது. தீர்மானம் ஏகமனதாகப் பதிவாயிற்று.

உருத்திரமூர்த்தி இப்போது அதே நாட்டில் நொஷாட்டல் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். ஊர் மாறியதால், பிரசாவுரிமைக்கு வேண்டிய அவருடைய வதிவிட வருடங்கள் முதலிலிருந்து எண்ணப்படுகின்றன.