மறதியே கிடையாது என்ற மனிதர்

தற்செயல் என்ற ஒன்றைத் திருநெல்வேலிச் சீமையை விட்டே விரட்டியடித்தவர் எங்கள் ஆழ்மனம் அண்ணாச்சி. அவர் கண்காணிப்பாளராக இருந்தவரை எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் மறந்ததில்லை, யாருக்கும் வாய் தவறியதில்லை, கை தடுமாறியதில்லை. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு காரணம் இருந்தது. அது நமக்குத் தெரியும் முன் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்த மறு நிமிடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டையில் இருக்கும் ஓர் அரசு அலுவலகம் அது. எந்தத் துறை என்று எழுதினால் வாசகர்கள் பழைய மனுக்களோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வேண்டாம். ஐம்பது வயதுக்கு மேல் மனிதர்களுக்குச் சர்க்கரை வரும். அண்ணாச்சிக்கு ஆழ்மனம் வந்தது. அஞ்சல் வழியில் உளவியல் படித்துப் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

மனதின் பெரும்பகுதி நமக்கே தெரியாமல் அடியில் கிடக்கிறது என்பதற்குப் பாடப் புத்தகங்களில் பனிப்பாறையை உதாரணம் காட்டுவார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு அது தாங்காது என்று அண்ணாச்சி அதை ஆற்றுக்கு மாற்றிவிட்டார்.

"கோடையில தாமிரபரணியப் பாத்திருக்கீரா? மேல வெறும் மணலு. கையால குழி பறிச்சா தண்ணி ஊறும். அந்தத் தண்ணிதாம்வே ஆழ்மனசு. நீரு மணலு. நான் பறிக்கேன்."

முதலில் பறிக்கப்பட்டவன், எதிர் மேசையில் இருந்த நான்தான்.

ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். "மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல்தான் அவருக்கு மனிதர்களின் உள்ளே தெரியும்.

"மறதின்னு ஒண்ணு கிடையாது வே. வீட்டுல இன்னைக்கு என்ன கறி?"

"சுரைக்காய்க் கூட்டு."

"அங்கன இருக்கு விஷயம்."

இதோடு விட்டிருந்தால் நான் இன்றும் மனநிறைவோடு வாழ்ந்திருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், காப்பி கொடுத்த என் மனைவியிடம் இதை விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுரைக்காய் அடிக்கடி வருகிறது, பல வருஷம் நான் பாத்திரத்தை மறக்கவில்லை. வைத்தியம் பலித்துவிட்டது என்று அண்ணாச்சிக்கு ஒரே பெருமை.

நான் வாரப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவது அவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. கதை என்பது எழுதுகிறவன் விழித்துக்கொண்டே காணும் கனவு என்பது அவர் கட்சி.

"உம்ம கதையில வர்ற மாமியாரெல்லாம் வழுக்கி விழுதாங்களே, ஏன்வே?"

"சும்மா சிரிப்புக்குத்தான் அண்ணாச்சி."

"சும்மாவா? ஒருத்தி படியில விழுதா, ஒருத்தி கிணத்தடியில விழுதா, போன வாரத்துக்காரி சமதளத்துல விழுதா. உம்ம மாமியா இதெல்லாம் படிக்காங்களா?"

படிக்கிறார்கள். சந்தா கட்டிப் படிக்கிறார்கள். அடுத்த கதையில் ஒரு மாமியாருக்கு முழங்கால் வலி பூரணமாகக் குணமானது.

அவருடைய வித்தை செல்லாத ஒரே இடம் தட்டச்சர் இசக்கியம்மாள். "கனவுல ஆத்துல வெள்ளமா வருது அண்ணாச்சி. நான் குடத்தோட கரையில நிக்கேன்" என்றாள் ஒரு காலையில். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணின்னா ஆசை, தாயி. உள்ளுக்குள்ள அமுக்கி வச்ச ஏதோ ஓர் ஆசை."

"ஆமா, எங்க தெருக் குழாயில தண்ணி வந்து ஒரு வாரமாச்சு. அதத்தான் அமுக்கி வச்சிருக்கேன்."

அன்று முழுவதும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றவில்லை.

பெரிய அதிகாரி ஓய்வுபெற்ற நாளில்தான் வினை வந்தது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் மேடையேறி, "ஐயாவின் பிரிவு நமக்கெல்லாம் பேரின்பம்" என்றார். பேரிழப்பு என்று சொல்ல வந்தவர் பாவம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரே ஓர் ஆள் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

"சார் மனசுல உள்ளதச் சொல்லிட்டாரு!"

மறுநாள் அந்த சார்தான் எங்கள் பெரிய அதிகாரி. அண்ணாச்சியின் பதவி உயர்வுக் கோப்பு அன்றைக்குப் படுத்தது, பல வருஷம் எழுந்திருக்கவில்லை. அவரிடம் வேலை பழகியவர்கள்கூட அதிகாரிகளாகி, அறைக் கதவில் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டார்கள். பிறர் பலகைகளை அவர் நின்று படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆழ்மனம் எதுவும் தேவையில்லை, முகத்திலேயே எழுதியிருக்கும்.

கடைசியில், ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருக்கும்போது உத்தரவு வந்தது. சென்னையில் அதிகாரி. கதவில் பெயர்ப் பலகை உண்டு. திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பிரிவு விழாவில் ஏற்புரைக்குப் பதிலாக அண்ணாச்சி வகுப்பு எடுத்தார். "தமிழன் கிளம்பும்போது 'போறேன்'னா சொல்லுதான்? 'வாரேன்'னுல்லா சொல்லுதான்! போறதுக்கு அவனுக்கு மனசே கிடையாது. இது ஒருத்தன் ஆழ்மனசு இல்ல, ஒரு சனத்துக்கே உள்ள ஆழ்மனசு. ஆனா நான் போறேன். சந்தோசமாப் போறேன்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் வழியனுப்ப நானும் இசக்கியம்மாளும் நின்றோம். அண்ணாச்சி நீட்டிய செல்போனை டிக்கெட் பரிசோதகர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது சென்னையில ஏறி இங்கன வந்து இறங்குத டிக்கெட்டுல்லா?"

போகிற டிக்கெட்டுக்குப் பதிலாக வருகிற டிக்கெட்டை எடுத்திருக்கிறார். இசக்கியம்மாள் இந்த நாளுக்காகவே பிறந்தவள்போல் மெல்லக் கேட்டாள்: "என்ன அண்ணாச்சி, ஆழ்மனசா?"

"ஒரு மண்ணும் இல்ல. செல்லுல எழுத்து சின்னதா இருக்கு. கை தவறிட்டு."

சனிக்கிழமை டிக்கெட் சரியாக இருந்தது. நானே சரிபார்த்தேன். ஆனால் அண்ணாச்சி பக்கத்து நடைமேடையில் நின்ற செங்கோட்டை வண்டியில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, சேரன்மகாதேவி வரைக்கும் போய்விட்டார். பேருந்தில் திரும்பி வந்து, "பெட்டியெல்லாம் ஒரே மாதிரி இருக்கு வே. யாருக்கும் வர்ற மறதிதான்" என்றார். மறதி! அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அவரை ஜங்ஷனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அலுவலகம் என்னிடம் ஒப்படைத்தது. பொறுப்பான ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. என் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டேன். மடியில் பெட்டி, கையில், சென்னைக் காப்பியை நம்பக்கூடாது என்று இசக்கியம்மாள் கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டி.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

இறங்கி டாங்கைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தேன். பெட்ரோல் குலுங்கும் சத்தமே இல்லை. வருகிற வழியில் மூன்று பெட்ரோல் பங்குகள். மூன்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அண்ணாச்சி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். டாங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எத்தனை பேரைப் பறித்த கண்! கீழே தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

இவ்வளவு பெரிய சாட்சி அவர் கொள்கைக்கு எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, பெட்டியோடு ஏறி உட்கார்ந்தார்.

"மனுசன் சில நேரம் சும்மாவும் மறக்கத்தாம்வே செய்வான்" என்றார். ஆட்டோ நகரும்போது தலையை வெளியே நீட்டி, "வாரேன்" என்றார்.

தன் கொள்கைக்கு அவர் தெரிந்தே செய்த ஒரே துரோகம் அது. எனக்காகச் செய்தார்.

ரயிலைப் பிடித்துவிட்டார். திங்கட்கிழமை செல்போனில் ஒரு படம் வந்தது. கதவு, அதில் புதுப் பலகை, பலகையில் அவர் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு. கீழே எழுதியிருந்தார்: "பெயிண்டருக்கு என் மேல என்ன கோவமோ."

நேற்று மறுபடியும் சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். சுரைக்காய் இல்லை, தேங்காய்ப்பால் சொதி. எனக்கு உயிர். அதைப் போய் ஏன் மறந்தேன் என்று சொல்ல, எதிர் மேசையில் ஆள் இல்லை.