காதை மூடிக்கொண்ட மச்சினனுக்கு

வடகரப்பதி
9-2-1975

மகாகனம் பொருந்திய மச்சினர், மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணை உத்தியோகஸ்தர், ஆகாயத்தில் பேசும் பொங்கியண்ணன் அவர்களுக்கு, உங்கள் அக்காளைக் கட்டிக்கொண்ட குப்பண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் ஜானகியும் இரண்டு எருமைகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. கேட்காமல் எழுதினால் அது கடிதமில்லை, பிராது என்று உன் அக்காள் சொல்வதால் கேட்டதாக வைத்துக்கொள்.

உன் கார்டு வந்தது. சம்பந்தம் முறிந்ததற்கு உன் வயர்லெஸ் பெட்டியில் நான் மாற்றிய ஜாக்குதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். நான் மூன்றாம் வகுப்போடு ஓடிவந்தவன். நீ சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வயர்லெஸ்ஸில் பேசுகிறவன். அப்பேர்ப்பட்டவன் பெட்டியில் ஹெட்போன் செருகுகிற ஓட்டை, அதுதான் ஜாக்கு, லொடலொடத்துப் போனால், அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டா உட்கார்ந்திருப்பான்? லீவில் பெட்டியும் கையுமாக இங்கே வந்து இறங்கி, சாயங்காலம் பெண் வீட்டார் வருகிறார்கள், அவர்கள் முன்னால் விரலை வைத்துக்கொண்டிருந்தால் மானம் போகும் என்று என்னைப் பொள்ளாச்சிக்கு விரட்டினாய். கடைக்காரர் மூன்று கால் வைத்த ஜாக்கு ஒன்று, இரண்டு கால் வைத்தது ஒன்று எடுத்துப் போட்டு எது வேண்டும் என்றார். பற்றவைக்கிற இடம் ஒன்று குறையுமே என்று இரண்டு கால் உள்ளதை வாங்கிவந்தேன். பம்புசெட்டு மோட்டாரையே பிரித்துப் பூட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பழையதைப் பிடுங்கினேன், புதியதைப் பற்றவைத்தேன், மிச்சம் நின்ற கம்பியை வீணாக்குவானேன் என்று பக்கத்துக் கம்பியோடு முறுக்கிவிட்டேன். நீயோ புது வேட்டியில் ஈயம் தெறிக்கும் என்று வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாய். அப்புறம் வந்து ஹெட்போனை மாட்டிப் பார்த்து, கணீரென்று கேட்கிறது மச்சான் என்றாய். எனக்கும் வெளியே கணீரென்றுதான் கேட்டது. பழைய ஜாக்கைவிடக் கூடுதலாக வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த மூன்றாவது கால், ஹெட்போனைச் செருகியதும் பெட்டியின் ஸ்பீக்கர் வாயை அடைப்பதற்காம். எனக்குத் தெரியாது, சரி. லைசென்ஸுக்குமா தெரியாது?

பெண்ணின் தகப்பனார் கோபாலபுரத்துச் செங்கோட்டையனும் அவர் அக்காள் மருதாத்தாளும் வந்து உட்கார்ந்து என்ன கேட்டார்கள்? ராவும் பகலும் காற்றோடு பேசுகிற ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்தால் பெண்ணோடு யார் பேசுவது, அந்தப் பெட்டியைக் கைகழுவுவதானால் மேற்கொண்டு பேசலாம் என்றார்கள். நீ கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தாய். ஏலத்தோட்டத்துச் சிநேகிதன் சுவக்கீனிடம் ஒரு வார்த்தை விடைபெற்றுக்கொள்கிறேன், அதோடு சரி என்றாய். இரைச்சல் பெரியவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமென்று மரியாதையாக ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். உடனே ஸ்பீக்கர் ஊருக்கே கேட்கப் பேசியது.

"ஏலே பொங்கி, பொண்ணு வீட்டுக்காரங்க தொலைஞ்சாங்களா, இன்னும் இருக்காங்களா?"

நீ பயபக்தியோடு திரும்பி, "நம்ம சுவக்கீனுங்க. உங்களையெல்லாம் சௌக்கியம் விசாரிக்கறாருங்க" என்றாய்.

"சத்தியம் பண்ணிட்டியா? கல்யாணம் முடியட்டும், விடியக்காலம் நாலு மணிக்கு எப்பவும் போல வந்துரு. பால் கறக்கப் போறேம்னு சொல்லிட்டு வந்தா எவளுக்குத் தெரியப் போவுது?"

நீ துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பேச முடியாதேன்னு கலங்கறாருங்க" என்றாய்.

நான் இருமினேன். உன் அக்காள் செம்பைத் தரையில் போட்டாள். காலைக் கிள்ளியும் பார்த்தேன், மச்சான் எப்போதும் போல விளையாடுகிறார் என்று காலை இழுத்துக்கொண்டாய். மருதாத்தாள் உன் முகத்துக்கு நேரே குனிந்து, "ஏனுங் தம்பி, பால் கறக்கறது நாலு மணிக்குங்களா?" என்று கேட்டாள். காதில் இரண்டு மூடியை மாட்டியிருக்கிற உனக்கு என்ன தெரியும்? தங்கமாகச் சிரித்து, ஆமாங்க என்று தலையை ஆட்டினாய். இலையில் வைத்த ஒப்பிட்டுப் போளியை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். நீ ஹெட்போனைக் கழற்றியபோது கேட்க ஆளில்லை, நானும் எருமையும்தான்.

இதில் என் ஜாக்கு செய்த குற்றம் என்ன? அது உள்ளதை உள்ளபடி சொன்னது. உனக்கு முப்பத்திநாலு வயதில் வந்த ஒரே இடம் இதுதான், இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று உன் அக்காள் அடுப்படியில் அழுகிறாள். நான் அழமாட்டேன். அந்தப் பெட்டிக்கே மஞ்சள் கயிற்றைக் கட்டிக் குடித்தனம் நடத்து. அது வாய் திறந்து பேசும், ஒப்பிட்டும் கேட்காது. பண்ணையில் உள்ள மாடு கன்றுகளுக்கு என் அன்பும், உனக்கு, என் கையில் மிச்சம் இருந்தால், ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
குப்பண்ணன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது செங்கோட்டையன் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார். நடந்ததை மருதாத்தாள் வீட்டில் சொல்ல, பெண் கமலாத்தாள் வயிறு நோகச் சிரித்துவிட்டு, "இத்தன மோசமாப் பொய் சொல்றவரு எங்கிட்ட எதையும் ஒளிக்க முடியாதுங்கப்பா. இவரையே முடிச்சுருங்க" என்றாளாம். முடித்துவிட்டோம். உன்னைக் கேட்க வேண்டாமா என்று செங்கோட்டையன் கேட்டார். அவன் எதற்கும் தலையாட்டுவான் என்று சொல்லியனுப்பினேன்.