அப்பாவின் கடிகாரமும் அக்காவின் கண்ணீரும்

"தம்பி, கையை அப்படியே வைங்க. ஆட்டாதீங்க."

பயணச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்த வில்மார் திடுக்கிட்டான். மொன்டெவிதெயோ நகரப் பேருந்தில் பதினெட்டு வருஷமாக நடத்துநர் வேலை. இப்படி எந்தப் பயணியும் சொன்னதில்லை.

டை கட்டிய கிழவர் ஒருவர் அவன் மணிக்கட்டின் மேல் குனிந்து பார்த்தார். "இது ஏது?"

"அப்பாவோடது. மார்ச்ல தவறிட்டார்."

"இதே மாதிரி ஒண்ணு போன மாசம் ஏலத்துல பன்னிரண்டாயிரம் டாலருக்குப் போச்சு. நீங்க என்னடான்னா இதைக் கட்டிக்கிட்டுச் சில்லறை குடுத்துட்டு இருக்கீங்க!"

கிழவர் இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஆறு நிறுத்தங்களுக்கு வில்மார் யாருக்கும் சீட்டே கொடுக்கவில்லை.

சந்தோஷம் அரை மணி நேரம்தான் தாங்கியது. கடிகாரத்தை அப்பா, "ரெண்டு பேரும் வச்சுக்கங்க" என்று சொல்லித்தான் விட்டுப்போனார். தேவாலயத்தில் அப்பாவுக்கான பூசை நடந்த அன்று, அக்கா சுல்மாதான் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, "ஆம்பளைக் கடிகாரம். நீயே கட்டிக்கடா" என்று கொடுத்தாள். அதற்கு ஒரு விலை உண்டு என்று வில்மாருக்கு அப்போது தோன்றவே இல்லை.

இப்போது பாதி அக்காவுக்குச் சேரும். முழுசாக ஆறாயிரம் டாலர்!

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை, தேநீர் மாதிரிக் குடிக்கும் மாத்தே இலைத்தூள் டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்தான். அவன் மனைவி மிர்தா வயிற்றுப்புண்ணுக்காக மாத்தே குடிப்பதை விட்டு ஒரு மாதம் ஆகிறது. டப்பாவை அவனைத் தவிர யாரும் தொடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வந்தாள். கறி அடைத்த ராவியோலித் தட்டை நீட்டிய வில்மாரின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"எங்கடா கடிகாரம்?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"எந்தக் கடையில?" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "கண்டவன் கையில எல்லாம் குடுப்பியா? உடனே போய் வாங்கிட்டு வா. நானும் வரேன்."

வில்மாருக்கு வியர்த்தது. "அது வந்து... ரிப்பேர் இல்லக்கா. பஸ்ல எவனோ அடிச்சுட்டான். உன்கிட்ட சொல்ல மனசு வரல."

சுல்மாவின் கண்கள் நிறைந்தன. "போனாப் போகட்டும்டா. நீ நல்லா இருக்கியே, அது போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தட்டு ராவியோலி போட்டுக்கொண்டாள்.

மிர்தா அப்படி விடுகிற ஆள் இல்லை. விறுவிறுவென்று மாடிக்குப் போய், அங்கே குடியிருக்கும் போலீஸ்காரர் ஒதிலோனைச் செருப்பும் நோட்டுமாகக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"திருடன் எப்படி இருந்தான்?" என்றார் ஒதிலோன்.

"ம்... மீசை வச்சிருந்தான்."

"மீசையா? அப்ப அது முக்குப் பூக்கடை ஃபௌஸ்தோதான். எனக்கு ரொம்ப நாளா அவன் மேல ஒரு கண்ணு. இப்பவே தூக்கிட்டு வரேன்."

"ஐயோ, அவர் இல்ல! மீசையே கிடையாது!"

"அதுக்குள்ள சிரைச்சுட்டானா? கைதேர்ந்த ஆளா இருப்பான் போலயே!"

"முதல்ல ஒரு மாத்தே குடிச்சுட்டுப் போங்க" என்று மிர்தா மாத்தே குடிக்கும் குடுவைக்குள் டப்பாவைக் கவிழ்த்தாள்.

டங்!

குடுவைக்குள் விழுந்து கிடந்த கடிகாரத்தை ஒதிலோன் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். தூளைத் தட்டிவிட்டார். வில்மாரைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"இவ்வளவு நாணயமான திருடனை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

வில்மார் உடைந்துபோனான். "அக்கா, இது பன்னிரண்டாயிரம் டாலர் பெறும். பாதி உன்னோடது. உனக்குத் தெரியாம அமுக்கப் பார்த்தேன். என்னை நாலு அறை விடு."

சுல்மாவின் முகம் வெளுத்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம்டா. விக்காதே. அப்பா ஞாபகமா நீயே வச்சுக்கோ. யார்கிட்டயும் காட்டக்கூட வேணாம்."

"இப்பேர்ப்பட்ட அக்காவையா ஏமாத்தப் பார்த்தே, மனுஷா?" என்று மிர்தா மூக்கைச் சிந்தினாள்.

அதற்குமேல் வில்மாரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை, பாதிப் பணத்தை அக்கா கையில் திணித்தே தீருவது என்று, அவளை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் பழைய கடிகாரம் வாங்கும் கடைக்குப் போனான். "தலை சுத்துதுடா. நான் வெளியவே நிக்கறேன்" என்று வாசலில் நின்றுவிட்டாள் அக்கா. வெயிலே இல்லை. ஆனாலும் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வில்மாரின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்த முக்காட்டை நோக்கி உற்சாகமாகக் கையசைத்தார்.

"அடடே, சுல்மா அம்மா! ஏன் அங்கேயே நின்னுட்டீங்க? நான் செஞ்சு குடுத்த நகல்ல ஏதாவது குறையா? தம்பிக்குச் சந்தேகம் வந்துடுச்சா?"