உணரியார் வீட்டில் யாரும் இல்லை

வாயைத் திறந்து கேட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிற ஒரு விஷயத்தை, வாயைத் திறக்காமலே கண்டுபிடிப்பதற்காக ஆறு மாதம் மெனக்கெடுகிற ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. வாசகரே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலுவலகத்துக்கு ஒருவர், அடுக்குமாடிக்கு ஒருவர் என்று நிச்சயம் உண்டு. தன் வீட்டுக் கதவு தன்னை அடையாளம் கண்டுகொண்ட செய்தியை, பெற்ற பிள்ளை முதல்முதலாக ‘அப்பா’ என்று கூப்பிட்டதைச் சொல்வது போலக் கண் பனிக்க யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? அவர்தான்.

நம்முடைய ஆள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நடுத்தர அதிகாரி. உணரியார் என்று அவருக்குப் பெயர் வைத்தது கணக்குப் பிரிவு. மனிதரின் அசைவையும் சூட்டையும் சத்தத்தையும் மோப்பம் பிடிக்கிற சின்னச் சின்னக் கருவிகளுக்கு உணரி என்று பெயர் அல்லவா? அவற்றை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிவைத்து, ஒட்டியதை ஊரெல்லாம் சொல்லி, சொன்னதைப் படமெடுத்தும் காட்டியவர் அவர். கேலிக்கு வைத்த பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

அவருடைய கொள்கை எளியது. சாதனங்களுக்கு மனிதன் உத்தரவு போடுவதெல்லாம் பழைய காலம். நாம் எங்கே இருக்கிறோம், நடக்கிறோமா, உட்கார்ந்திருக்கிறோமா, தனியாகவா கூட்டத்திலா, கோபமா குஷியா, அத்தனையையும் சாதனமே பார்த்து, புரிந்து, அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ள வேண்டும். “நாம சொல்லவே வேணாம் சார். அதுக்கே தெரியும்” என்பது அவர் நாளொன்றுக்குப் பலமுறை உச்சரிக்கும் மந்திரம்.

அதற்குத் தெரியாமல் போனால்? அதற்கும் ஒரு மந்திரம் வைத்திருக்கிறார். “இன்னும் பழகிட்டிருக்கு சார்.”

அதுவும் பழகிக்கொண்டேதான் இருக்கிறது. அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தால் கூட்டத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டி ஃபோன் வாயை மூடிக்கொள்ளும். பேருந்து ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகும்போது, ‘வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று மேலதிகாரிக்குத் தானே பதில் அனுப்பும். போன வருடம் சக ஊழியர் ஒருவரின் தகப்பனார் இறந்துபோனார். தெரிந்த முகங்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதையும், நிறையப் பூ இருப்பதையும் கண்ட ஃபோன், ‘எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே!’ என்று வாத்திய இசையோடு யோசனை சொன்னது. அடக்கமாட்டாமல் அழுதுகொண்டிருந்த கூட்டம் ஒருகணம் அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. உணரியார் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைக்குப் பரிந்து பேசும் தாயைப் போல, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார்: “கூட்டத்தைச் சரியா கண்டுபிடிச்சிருச்சு பாருங்க. துக்கம்தான் இன்னும் பிடிபடலை.”

வீட்டுக்கு வருவோம். வீட்டில் சுவிட்ச் கிடையாது. ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், ஆள் போனால் அணையும். நடுவில் சுவிட்ச் எதற்கு என்று சுவரில் இருந்ததை எல்லாம் கழற்றி, ஓட்டையை அடைத்து, வெள்ளையடித்துவிட்டார். ஆனால் ஆள் இருக்கிறாரா என்பதை அந்த வீடு அசைவை வைத்தே முடிவு செய்யும். அசையாமல் இருப்பவர் அங்கே இல்லாதவர். ஒருமுறை அவருடைய மைத்துனர் விருந்தாளியாக வந்து, குளியலறைக்குள் போய், நிம்மதியாக உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார், எரிந்தது. உட்கார்ந்தார், அணைந்தது. வெளியே வரும்போது மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

“மாப்ளே, உங்க வீட்டுல வயித்தைக் காலி பண்றதுக்குக்கூட உடற்பயிற்சி செய்யணுமா?”

“இன்னும் பழகிட்டிருக்கு மச்சான்.”

வீடு பழகியதோ இல்லையோ, வீட்டில் இருந்தவர்கள் பழகிவிட்டார்கள். மகள் ஒரு காலை ஆட்டிக்கொண்டே பாடம் படிப்பாள். மனைவி காய் நறுக்கும்போது நடுநடுவே கத்தியோடு கையை உயர்த்தி இறக்குவார். ஜன்னல் வழியாகப் பார்க்கிற புதியவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள்.

இந்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரர். ஒரு காலத்தில் பொறியாளர்கள் இவர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். மகள் பிறந்ததும் வேலையை விட்டார். மகள் வளர்ந்ததும் மறுபடி வேலை தேடினார். இத்தனை வருஷம் எங்கே போனீர்கள் என்று கேட்டே எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் மட்டும், கணினித் திரை வழியாகப் பேசிப் பார்க்கிறோம் என்று நாள் குறித்தது. இதுவும் போனால் இனி விண்ணப்பம் போடும் தெம்பு தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். கணவரிடமும் சொன்னார். ஒருமுறை அல்ல.

“செவ்வாய்க்கிழமை காலையில எனக்கு நேர்காணல். பதினோரு மணிக்கு. அன்னிக்கு இந்த வீடு எந்த வேலையும் காட்டக்கூடாது.”

“நீ கவலையே படாதே. வீட்டுக்கே தெரியும்.”

“வீட்டுக்குத் தெரியறது இருக்கட்டும். உங்களுக்குத் தெரியுமா?”

உணரியார் தலையாட்டினார். தலை ஆடியது, செய்தி உள்ளே போகவில்லை. அந்த நேரத்தில் அவர், சமையலறையின் ஈரப்பதம் திடீரென்று ஏன் கூடியது என்று ஃபோனில் ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவியின் கண்கள்தான் காரணமோ என்று நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

செவ்வாய் வந்தது. மகள் பள்ளிக்கும் அவர் அலுவலகத்துக்கும் போனார்கள். மனைவி நல்ல உடை உடுத்தி, மடிக்கணினி முன் அமர்ந்து, நேர்காணல் விதிப்படி தன் கைப்பேசியை முழுவதுமாக அணைத்து ஓரமாக வைத்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. வீட்டுக்குள் எத்தனை பேர் என்பதை அந்த வீடு கைப்பேசிகளை வைத்து எண்ணும். கணவரின் கைப்பேசி அலுவலகத்தில். மனைவியின் கைப்பேசிக்கு உயிரே இல்லை. மனைவியோ திரையைப் பார்த்தபடி, அடக்க ஒடுக்கமாக, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வீடு கூட்டிக் கழித்துப் பார்த்தது. யாரும் இல்லை! மின்விசிறி நின்றது. ஜன்னல் திரைகள் இறங்கின. விளக்கு அணைந்தது. மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதற்காக, தன் கேமராவுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டது. “உங்க அனுபவத்தைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்ட மூன்று முகங்களும் வாயைத் திறந்தபடியே மறைந்தன.

மனைவி பதறி எழுந்தார். யாரும் இல்லாத வீட்டில் யாரோ நடமாடினால் என்ன அர்த்தம்? திருடன். திருடனுக்கு வெளிச்சம் காட்டுவானேன் என்று விளக்கு எரியவில்லை, சைரன் மட்டும் அலறியது.

அலுவலகத்தில் உணரியாரின் ஃபோன் அதிர்ந்தது. ‘வீட்டில் யாரும் இல்லை. ஆனால் யாரோ நடமாடுகிறார்கள்.’ மனிதர் பூரித்துப் போனார். இத்தனை வருஷத் தவத்துக்குப் பலன்! கணக்குப் பிரிவையே கூப்பிட்டு, கேமராவில் தெரிந்ததைக் காட்டினார். கும்மிருட்டில் ஓர் உருவம், மேற்கூரையைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

“திருட வந்தவன் எதுக்கு சார் கையை ஆட்டுறான்?” என்றார் காசாளர் அம்மா.

“கூட்டாளிக்கு ஜாடை காட்டறான்மா.”

“பொம்பளை மாதிரி இருக்கே சார்.”

“இந்தக் காலத்துல அவங்களும் வர்றாங்க.”

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா மாதிரியே இருக்கு.”

“அதெப்படி? வீட்டுல யாருமே இல்லன்னு வீடே சொல்லுதே!”

அப்போது உருவம் கைகளை இறக்கிவிட்டு, கேமராவுக்கு நேராக வந்து நின்று, நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையை அடையாளம் காண எந்த உணரியும் தேவைப்படவில்லை. பதினோரு மணி, நேர்காணல், உங்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி, எல்லாம் ஒன்றாக வந்து அவர் நெஞ்சில் இடித்தன. மனைவியைக் கூப்பிட்டார், கைப்பேசி அணைந்திருந்தது. விளக்கைப் போடச் சொல்லி ஃபோனைக் குத்தினார். ‘ஆளில்லாத வீட்டில் விளக்கு வீண் அல்லவா?’ என்று அது பொறுப்பாகக் கேட்டது. “இருக்குடா! ஆள் இருக்குடா!” என்று அலுவலகமே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, படியிறங்கி, தெருவில் ஓடினார். பாதி வழியில் ஃபோன் பாராட்டியது: ‘இன்று நன்றாக ஓடுகிறீர்கள்! இப்படியே தொடருங்கள்!’

வீடு திறந்து கிடந்தது. சைரன் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தது. மனைவியைக் காணோம். அவர் உள்ளறை, சமையலறை எல்லாம் தேடிவிட்டுக் கீழே ஓடிவந்தபோது, தரைத்தளத்துத் தையற்கடையிலிருந்து தெரிந்த குரல் கேட்டது. வெட்டிய துணிக்குவியலின் நடுவே, தையல் மிஷின்மேல் கணினியை வைத்து, தையற்காரம்மாவின் இன்டர்நெட்டைக் கடன் வாங்கி, மனைவி பேசிக்கொண்டிருந்தார். தலைமுடியில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. உணரியார் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே போக அவருக்குத் துணிவில்லை. கடவுளே, இது கெட்டுவிடக்கூடாது என்று மனதுக்குள் கெஞ்சினார்.

திரையிலிருந்த மூவரில் மூத்தவர் கேட்டார்: “நடந்ததையெல்லாம் சொல்லிட்டீங்க, புரியுது. சரி, கேள்விக்கு வருவோம். மூணு பேர் குடும்பம், சின்ன வீடு. வரைபடத்துல முதல்ல எதைக் குறிப்பீங்க?”

“வாசக்கதவைத் திறந்ததும் கை எட்டுற இடத்துல ஒரு சுவிட்ச், சார்.”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கணினி அதிர்ந்தது. ஆனால் மனைவி சிரிக்கவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், ஒருவர் அசையாமல் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை ஏன் வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். மூவரும் சிரிப்பை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். முடிவில் மூத்தவர் கேட்டார்: “எப்ப வந்து சேர முடியும்?”

வாசலில் நின்ற மனிதருக்குக் கண் கலங்கியது. மனைவி கணினியை மூடிவிட்டுத் திரும்பினார். கணவரைப் பார்த்தார்.

அப்போது உணரியார், அந்த இனத்தின் வரலாற்றிலேயே யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வாயைத் திறந்து கேட்டார்.

“கோபமா இருக்கியா?”

“அதையும் நீங்களே கண்டுபிடிங்க.”

பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பாதியிலேயே வெட்கப்பட்டுத் திரும்பியது. வேறு வழியில்லாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது, மறைக்க முடியாத ஒரு பெருமையும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. தையற்காரம்மா இரண்டு தைத்த சட்டைகளை மடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சரி, வாசகரே, நன்றாகச் சிரித்தீர்கள். பாவம் மனிதர், இப்படியும் உண்டா என்று உச்சுக்கொட்டவும் செய்தீர்கள். ஒரு சின்னச் சந்தேகம். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒருவர் உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாரே, காதில் விழுந்ததா?