ஒரு தட்டென்றால் ஆமாம்

"இந்த நோயாளி பேச மாட்டாரா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"பேச முடியாது சார். தொண்டையில ஆபரேஷன். குரல் போனவங்களுக்கான கருவியைப் பத்தித்தானே நம்ம ஆராய்ச்சியே!"

"அப்புறம் ஏன் போன்ல கூப்பிடுறீங்க?"

அந்த ஆராய்ச்சிப் பிரிவில் இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. எதையும் சமாளித்துவிடுவதால் 'சமாளி அக்கா' என்று பெயர் வாங்கிய ஒருங்கிணைப்பாளர் இதையும் சமாளித்தாள்.

"மேசையில தட்டுவார் சார். ஒரு தட்டுன்னா ஆமாம். ரெண்டு தட்டுன்னா இல்லை."

ஆராய்ச்சியில் நோயாளியின் சொல்லுக்கு மதிப்பு உண்டா, இல்லை பேருக்குச் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் மதிப்பீட்டாளர் வந்திருந்தார். 'பேருக்குத்தான்' என்று அவர் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். அக்காவின் வேலையும் போய்விடும். ஆராய்ச்சிக்கு யோசனை சொல்லும் குழுவில் இருந்த மற்ற நோயாளிகள் கேள்வி கேட்டு அலுத்து விலகிவிட்டார்கள். மிச்சமிருந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான். தங்கமான மனிதர். எதற்கும் இரண்டாவது தட்டு தட்டியதே இல்லை.

அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஐயா, வணக்கம். சாப்பிட்டீங்களா?"

டொக். டொக்.

"இன்னும் சாப்பிடலை போல," என்று சிரித்தாள் அக்கா. "ஐயா, கருவி கழுத்துக்கு வசதியா இருக்குல்ல?"

டொக். டொக்.

"போன கூட்டத்துல வசதின்னீங்களே?"

டொக். டொக்.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் அக்காவுக்கு வியர்த்தது. "லைன் சரியில்லை சார். ஒரு தட்டே எதிரொலிச்சு ரெண்டாக் கேக்குது."

மதிப்பீட்டாளர் குனிந்தார். "ஐயா, லைன் நல்லா இருக்கா?"

டொக்.

ஒன்றே ஒன்று. தெளிவாக.

"உடம்பு முடியலையோ என்னவோ," என்றாள் அக்கா அவசரமாக. "ஐயா, உடம்புக்கு ஏதாவது தொந்தரவா?"

டொக். டொக்.

"வீட்டுலதானே இருக்கீங்க?"

டொக். டொக்.

அக்காவின் குரல் இறங்கியது. "சார், இது சுவத்துல மாட்டின வீட்டு போன்."

"அப்ப எங்கதான்யா இருக்கீங்க?" என்றார் மதிப்பீட்டாளர்.

பதில் இல்லை. யாரோ யோசிப்பதுபோல் இருந்தது.

"ஆமாம், இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க சார்."

"சரி. நாங்க வந்து பாக்கலாமா?"

டொக்.

அன்று பின்மதியத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது வாத்தியார் சுவரில் படமாக இருந்தார். கீழே வாத்தியாரம்மா தலை குனிந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் குழந்தையோடு கூடவே வந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றாள் வாத்தியாரம்மா. "அவர் போய் நாளாச்சு. நான்தான் தட்டினேன்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏம்மா இப்படி?"

"போனை எடுத்ததுமே நீ 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பே. இந்த வீட்டுல அதைக் கேக்க வேற யாரு இருக்கா? 'இல்லை'ன்னு தட்டினா நீ கூப்பிடுறதை நிறுத்திடுவியோன்னு பயம். அதான் எல்லாத்துக்கும் ஒரே தட்டு."

அக்காவுக்குக் கண் நிறைந்தது. வாத்தியாரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடவுள் சில நேரம் சமாளிக்கும் வரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார், அதுவும் அருள்தான்.

"சார், கருவி உறுத்துதுன்னு விலகிப்போன நோயாளிங்க வார்டுலயே சொன்னாங்க. எனக்கு 'ஆமாம்' வசதியா இருந்துச்சு. மேல கேக்கலை. என் தப்புன்னே எழுதிக்கோங்க."

மதிப்பீட்டாளர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "பழைய 'ஆமாம்' எல்லாம் போகட்டும். இன்னைக்கு வந்த 'இல்லை'தான் உண்மையான சொல். கருவியை மாத்துங்க, ஆராய்ச்சி நடக்கட்டும்." பிறகு வாத்தியாரம்மாவைக் கும்பிட்டார். "இன்னைக்காவது தைரியமா ரெண்டு தட்டு தட்டினீங்களே, நல்லா இருங்கம்மா."

வாத்தியாரம்மா விழித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "இன்னைக்கா? புள்ளைக்குக் காய்ச்சல்னு காலையில இருந்து எங்க வீட்டுலதானே இருந்தாங்க! நீங்க வந்ததைப் பாத்துட்டுத்தானே பூட்டையே திறந்தோம்?"