மேசைக்கு முந்தைய வேலை

அந்த வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. சும்மா என்றால் சும்மா இல்லை. ஓடாத மின்விசிறி, மூடாத பெட்டி, யாரும் ஏறாத சைக்கிள் என்று வேலை இழந்த சாமான்கள் எல்லாம் அங்கே குடியிருந்தன. அவற்றை வெளியேற்றிவிட்டு, அங்கே ஒரு மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்காரப்போவதாக நம்மவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தார்.

இதுவரை அவர் அலுவலகக் கணக்கைப் பார்த்தது ஃப்ரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில். தாளில் எண்ணெய்க் கறை படாத மாதம் கிடையாது. மனிதருக்கு ஒரு கதவு வேண்டும். பாவம், அவ்வளவுதான் ஆசை.

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. திட்டமிடுவது எப்படி என்று அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முந்தைய பாதியை முழுக்கக் கவனித்தார். பிந்தைய பாதியில் தூங்கிவிட்டார். வந்த சூட்டோடு கூடத்துச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘மேசை’ என்று எழுதி, மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. திட்டம் போடறவன் கடைசியிலேர்ந்து பின்னாடி வரணும். ‘இதுக்கு முன்னாடி என்ன முடியணும்?’ இந்த ஒரே கேள்விதான். கேட்டுக்கிட்டே வந்தா வேலையெல்லாம் தானா வரிசையில நிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். எங்கே, நீ கேளு பாப்போம்."

கேட்கச் சொன்னது அவர்தான். இதைப் பிற்பாடு அவரே மறுக்கவில்லை.

"மேசைக்கு முன்னாடி என்ன முடியணும்?"

"பெயின்ட்."

"ஜன்னலுக்குக் கொசுவலை? கொசு கடிச்சா கணக்கு ஓடுமா?"

"ஓடாது." எழுதினார்.

"அப்புறம் ஒரு கட்டில்."

"ஆபீஸ் ரூமுக்குக் கட்டில் எதுக்கு?"

"வேலை செஞ்சு அசந்துபோனா மேசை மேலயா காலை நீட்டுவீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. எழுதினார்.

"பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி."

"அது எதுக்கு?"

"மணிக்கணக்கா உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்காதா? விழுந்து வெச்சா யாரு பாக்கறது?"

தன் இடுப்பின் மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனார். கம்பியைப் பெரிய எழுத்தில் எழுதினார். சாயங்காலத்துக்குள் தாள் முழுக்கக் கட்டங்களும் அம்புகளும். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று போட்டவருக்கே பிடிபடவில்லை. ஓர் அம்பைப் பிடித்துக்கொண்டு மேசையைத் தேடிக் கிளம்பியவர் பாத்ரூமில் போய் நின்றார்.

"இந்தச் சிவப்புக் கட்டமெல்லாம் என்னங்க?"

"அதைத் தள்ளிப்போட்டா பின்னாடி காத்திருக்கறதெல்லாம் தள்ளிப்போயிடும். அதனால தொடவே கூடாது. பின்னாடி எதுவும் காத்திருக்கலைன்னா ஆறப்போடலாம்."

"ஞாபகம் வெச்சுக்கறேன்," என்றாள். வைத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. இவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் தினமும் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். இவர் போட்ட திட்டம் ஒன்று சொன்ன தேதியில் நடப்பது வரலாற்றில் இதுவே முதல் தடவை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் தச்சர் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார். அது குட்டையாக இருந்தது.

"என்னப்பா, இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"மேடம் சொன்ன அளவுதான் சார். மூட்டுவலிக்காரங்க உக்காந்து எந்திரிக்கத் தோதா இருக்கணும்னாங்க."

"எனக்கு மூட்டுவலி கிடையாதே!"

"இனிமே வரும்," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அன்று முழுக்க முட்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். லேசாக வலிப்பது போலவும் இருந்தது.

கடைசியில் மேசை வந்தது. வாசலில் அதை இறக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு டாக்சி வந்து நின்றது. முதலில் ஓர் ஊன்றுகோல் இறங்கியது. பிறகு ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, வெந்நீர்ப் பை. அப்புறம் மாமியார்.

"சௌக்கியமா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அவர் நேரே அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

நம்மவர் சுவரிடம் ஓடினார். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே புதிதாக ஒரு கட்டம். சிவப்பு. ‘அம்மா வந்து தங்குவது’.

"இது எப்ப வந்துச்சு?"

"முதல் நாள்லேர்ந்தே இருக்கு. எழுதினதுதான் இன்னிக்கு."

"அப்ப என் மேசை?"

"அதுக்குப் பின்னாடி எதுவும் காத்திருக்கலையே. ஆறப்போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான். இதற்குப் பயிற்சி வகுப்பில் நிச்சயம் ஒரு பதில் இருந்திருக்கும். அது சாப்பாட்டுக்குப் பிந்தைய பாதியில் இருந்திருக்கும். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"இதுல நாளே போடலையே! எத்தனை நாள்னு எழுதாம கட்டம் இருக்கக் கூடாது. அது விதி."

"நான் எப்படிங்க எழுதறது? வேலையைச் செய்யறவங்களைத்தானே கேக்கணும்?"

அதுவும் விதிதான். தொண்டையைச் செருமிக்கொண்டு அறை வாசலில் போய் நின்றார்.

"அத்தை, திட்டத்துக்காகத்தான் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. எத்தனை நாள்னு எழுதட்டும்?"

மாமியார் மெல்ல எழுந்து கூடத்துக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"இது பத்தாது மாப்பிள்ளை. எதிர்ச் சுவர்லயும் தாள் ஒட்டிடுங்க."